பதினாறு ஸ்கொயருக்கு ஒரு சிவப்பு டிக்

ஒயர் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் தடிமனைத்தான் பார்ப்பார்கள், மேடம். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பார்த்து, "இது போதுமா?" என்று கேட்பார்கள். அந்த ஒயர் எங்கிருந்து எதுவரை போகப்போகிறது என்று ஒருவரும் யோசிப்பதில்லை. தடிமன் மட்டும் தெரிந்து பிரயோஜனமில்லை, நீளமும் தெரியவேண்டும். நீளம் என்றால் மின்சாரம் போகிற நீளம் மட்டுமல்ல, திரும்பி வருகிற நீளமும் சேர்த்து.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்ல வந்தது முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது.

என் தொழில் கேரவன் கட்டுவது. காலி வேனைக் கொண்டுவந்து விடுவார்கள். அதற்குள் கட்டில், அடுப்பு, கழுவும் தொட்டி, உள்ளங்கை அகலத்தில் ஒரு குளியலறை எல்லாம் வைத்து, ஓடுகிற வீடாக மாற்றித் தருவோம். மரவேலைக்கு ஒரு தச்சர் இருக்கிறார். மின்வேலை முழுவதும் நான். பத்தொன்பது வருஷத்தில் நூற்றுப் பதினோரு வண்டி முடித்திருக்கிறேன். ஒன்றிலும் ஒரு பல்புகூடக் கருகியதில்லை. தொழிலில் எனக்கு 'டேப்பு' என்று பெயர். பாக்கெட்டில் எப்போதும் அளவு டேப் இருக்கும். வாசலில் உங்கள் காவலர் அதை வாங்கி வைத்துக்கொண்டார். பரவாயில்லை, போகும்போது கொடுத்தால் போதும்.

வீட்டில் ஒரு அறை ஹீட்டர் ஓடினால் ஒயரில் ஆறேழு ஆம்பியர்தான் போகும். அதே ஹீட்டரை கேரவனில் ஓட்டினால் கதை வேறு. பன்னிரண்டு வோல்ட் பேட்டரியிலிருந்து மின்சாரம் இன்வெர்ட்டருக்குப் போய், அங்கே வீட்டு மின்சாரமாக மாறி ஹீட்டருக்கு வரவேண்டும். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் உள்ள ஒயரில் அப்போது நூற்று முப்பது ஆம்பியர் ஓடும். கூடவே மின்னடுப்பையும் வைத்தால் நூற்று எழுபது. மெலிந்த ஒயரில் அதை விடுவது சந்துக்குள் லாரி விடுவது மாதிரி. ஒயர் கொதிக்கும்.

அதற்காகத்தான் ஃபியூஸ். ஃபியூஸ் அடுப்பைக் காப்பாற்றுவதற்கு என்று பலபேர் நினைக்கிறார்கள். இல்லை, ஒயரைக் காப்பாற்றுவதற்கு. ஒயர் நூறு தாங்கும் என்றால் ஃபியூஸும் நூறு. அதற்கு மேல் போனால் ஃபியூஸ் தான் செத்து ஒயரைப் பிழைக்கவைக்கும். தொழிலில் நான் மதிக்கிற பொருள் அது ஒன்றுதான். அதற்குத் தன் வேலை தெரியும், வாயைத் திறந்து பேசாது.

இனி அத்தானைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அக்காவின் கணவர். கணக்கு வாத்தியாராக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றார். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. நானும் சொல்லமாட்டேன். குடிக்கமாட்டார். அக்காவை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. அவள் மருந்துக்கடையில் நின்று வேலை பார்த்துவிட்டு வந்தால் வெந்நீர் போட்டுக் கால் ஊறவைக்கச் சொல்வார். ஒரு குணம் மட்டும் உண்டு. அவர் சொல்வதில் தப்பு இருக்காது. இருந்தால் அது வேறு யாருடைய தப்பாகவாவது இருக்கும்.

ஒருமுறை மூவரும் காரில் போனோம். நான் வலது பக்கம் என்றேன், அவர் இடது பக்கம் திரும்பினார். அறுபது கிலோமீட்டர் போனபிறகு கல்குவாரி வாசலில் ரோடு முடிந்துவிட்டது. இறங்கி இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். "ரோடு போட்டவனுக்கு மூளையே இல்ல" என்றார். இன்னொரு முறை, அவர் வீட்டுச் சமையலறையில் புகை வெளியேற்றும் ஃபேனை எந்தச் சுவரில் வைப்பது என்று பேச்சு வந்தது. அவர் காட்டிய சுவரில் வைத்தேன். புகை உள்ளேயே சுற்றியது. "அடுப்பு இருக்கிற இடம் தப்பு" என்று அடுப்பை நகர்த்தினார். மேடையை உடைத்தது நான்தான்.

அவருக்குக் கல்யாணமான புதிதில் எனக்குப் பதினேழு வயது. பத்தாம் வகுப்புக் கணக்கில் தோற்று, மறுபடி எழுதப் படித்துக்கொண்டிருந்தேன். அக்கா அவரிடம் என்னை உட்காரவைத்தாள். ஒரு தொட்டி, இரண்டு குழாய், இரண்டையும் திறந்தால் எத்தனை நிமிஷத்தில் நிரம்பும் என்ற கணக்கு. நான் என் வழியில் போட்டுப் பன்னிரண்டு என்று எழுதினேன். அவர் சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"விடை பன்னிரண்டுதானே அத்தான்?" என்றேன்.

"விடை சரிதான் மாப்ள. வழி தப்பு" என்றார்.

தொட்டி பன்னிரண்டு நிமிஷத்தில் நிரம்பும், மேடம். நீங்களே போட்டுப் பாருங்கள். அந்தப் பேனா இன்றைக்கும் அவர் சட்டைப்பையில் இருக்கிறது. அதே பேனா இல்லை, அதே நிறம்.

அதற்காக இருபத்திரண்டு வருஷமாக மனதில் கறுவிக்கொண்டிருந்தேன் என்று நினைக்கவேண்டாம். எனக்கு வேண்டியது சின்ன விஷயம். "மாப்ள, நீ சொன்னது சரி." மாப்ளயை விட்டால் மூன்றே சொல். அதை அவர் வாயால் ஒருமுறை கேட்கவேண்டும் என்று இருந்தது. நியாயமான ஆசை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

ஓய்வு பெற்றதும் அவர்கள் ஒரு வேன் வாங்கினார்கள். ஊர் ஊராகப் போகவேண்டும் என்பது அக்காவின் ஆசை. இருபத்துநாலு வருஷம் மருந்துக்கடையில் மேல்தட்டுப் பெட்டிகளை எட்டி எட்டி எடுத்து, அவளுக்கு வலது தோள் போய்விட்டது. "இனிமே என் கண்ணு உசரத்துக்கு மேல இருக்கிற எதையும் தொடமாட்டேன்டா. மலையைத் தவிர" என்று சிரிப்பாள். என்னைவிடப் பதினோரு வயது பெரியவள். எனக்குப் பள்ளிக்கூடப் பை தைத்துக் கொடுத்தவள். ஜன்னலுக்குக் கடுகு நிறத்தில் திரை தைத்துக்கொண்டு தினமும் என் பட்டறைக்கு வந்து, அளவு பார்க்கிற சாக்கில் வண்டிக்குள் உட்கார்ந்துவிட்டுப் போவாள்.

வண்டி எப்படி இருந்தது என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். பின்பக்கம் இடதும் வலதுமாக இரண்டு ஒற்றைக் கட்டில், நடுவில் நடக்க வழி. கதவு வலது கட்டிலின் ஓரம். பேட்டரி, இன்வெர்ட்டர், நடுவில் ஒயர், மூன்றும் இடது கட்டிலுக்கு அடியில்.

ஒயர் விஷயம் பேசிய அன்றைக்கு அக்காவும் இருந்தாள், தச்சரும் இருந்தார். நான் எழுபது ஸ்கொயர் என்றேன். உள்ளே இருக்கிற செம்பின் குறுக்களவு எழுபது சதுர மில்லிமீட்டர். கட்டைவிரல் தடி இருக்கும். என் பட்டறைச் சுவரில் எத்தனை ஆம்பியருக்கு எந்த ஒயர் என்று நானே எழுதி ஒட்டிய அட்டவணை இருக்கிறது. அதைக் காட்டினேன்.

"எழுபதுனு யாரு சொன்னா மாப்ள?"

"அட்டவணை சொல்லுது அத்தான்."

"அட்டவணைய யாரு எழுதினது?"

"நான்தான்."

"அப்ப நீதானே சொல்றே. அதுக்கு ஏன் சுவரைச் சாட்சிக்குக் கூப்பிடறே?"

தச்சர் சிரித்துவிட்டார். அக்காவும் சிரித்தாள். அவளைக் குற்றம் சொல்லவில்லை, சிரிப்பு வருகிற மாதிரிதான் சொன்னார்.

அத்தான் நோட்டைத் திறந்தார். வீடியோ ஒன்று பார்த்துக் கணக்குப் போட்டு வந்திருந்தார். "பேட்டரிலருந்து இன்வெர்ட்டர் ரெண்டரை மீட்டர். நூத்தி எழுபது ஆம்பியர். பதினாறு ஸ்கொயர் போட்டா வழியில நஷ்டம் மூணரை சதவீதம். நாலு வரைக்கும் போகலாம்னு போட்டிருக்கான். அப்புறம் எதுக்குக் கட்டவிரல் தடிக்கு ஒயரு? யானையையா கட்டப்போறோம்?"

நான் நோட்டை வாங்கிப் பார்த்தேன். எழுத்து அச்சு மாதிரி இருந்தது. பெருக்கல், வகுத்தல் எல்லாம் சரி. ஆனால் அந்த இரண்டரை மீட்டர் போகிற ஒயருக்கு மட்டும். திரும்பி வருகிற ஒயர் இன்னொரு இரண்டரை மீட்டர், அதை அவர் சேர்க்கவே இல்லை. ஒயர் எவ்வளவு சூடாகும் என்ற கணக்கையும் தொடவில்லை. நூறு தாங்குகிற ஒயரில் நூற்று எழுபது. முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் போகிற வழியை மட்டும் அளந்துவிட்டு வந்திருந்தார்.

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா, "அவரு கணக்குல தப்பு வராதுடா தம்பி. சொல்றதப் போடேன்" என்றாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நல்லதாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. கோபம் வந்தால் நான் கத்திவிடுவேன், கத்தினால் உண்மை வெளியே வந்துவிடும். அன்றைக்கு மனசு தெளிந்த தண்ணீர் மாதிரி இருந்தது.

"சரி அத்தான். எழுதிக் கொடுத்துடுங்க" என்றேன்.

வேலைச் சீட்டில் 'வாடிக்கையாளர் விருப்பம்: பேட்டரி ஒயர் 16 ஸ்கொயர்' என்று எழுதி நீட்டினேன். அவர் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் ஒரு டிக்கும் போட்டார். "முழு மார்க்" என்று சிரித்தார். அந்தச் சீட்டு உங்கள் கோப்பில் ஏழாவது தாளாக இருக்கிறது.

இதுவரைக்கும் நான் செய்ததில் குற்றம் ஒன்றுமில்லை. கேட்டதைக் கொடுப்பதுதான் வியாபாரம். மிச்சம் இருந்தது ஃபியூஸ்.

பதினாறு ஸ்கொயருக்கு நூறு ஆம்பியர் ஃபியூஸ் போடவேண்டும். போட்டால் என்ன ஆகும் என்று மூன்று நாள் யோசித்தேன். ஹீட்டரும் அடுப்பும் சேர்ந்து ஓடிய சில நிமிஷத்தில் ஃபியூஸ் போகும், வண்டி இருட்டாகும், அவ்வளவுதான். அத்தான் போன் செய்வார். "மாப்ள, நீ போட்ட ஃபியூஸ் மட்டம்" என்பார். நான் போய் எழுபது ஸ்கொயர் ஒயரைப் போட்டுக் கொடுப்பேன். அதன்பிறகு சந்திக்கிற எல்லாரிடமும், "பய ஒயரை மெலிசாப் போட்டுட்டான், நான்தான் கண்டுபிடிச்சேன்" என்பார். ஃபியூஸ் ஒயரைக் காப்பாற்றும் என்று சொன்னேன் இல்லையா? இந்த இடத்தில் அது அத்தானையும் காப்பாற்றிவிடும்.

அதனால் முந்நூறு ஆம்பியர் ஃபியூஸ் போட்டேன்.

முந்நூறு என்றால் அந்த வண்டியில் அது எந்தக் காலத்திலும் போகாது. கதவில்லாத வீட்டுக்குக் காவல்காரன் வைத்த மாதிரி. பார்த்தால் ஆள் இருப்பான், தடுக்கமாட்டான். வெளியில் நூறு என்று எழுதிய பழைய மூடியைப் போட்டு மூடினேன். மூடி கிடைத்தது, போட்டேன். அது பெரிய திட்டம் ஒன்றுமில்லை.

அளந்து பார்க்காமல் நான் எதையும் அனுப்புவதில்லை. ஒரு மதியம் தச்சர் சாப்பிடப் போயிருந்தபோது ஹீட்டரையும் அடுப்பையும் ஓடவிட்டு, வெப்பம் பார்க்கிற கருவியை ஒயர்மேல் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பத்தாவது நிமிஷம் நாற்பத்தெட்டு டிகிரி, இருபதில் அறுபத்தைந்து, நாற்பதில் எண்பத்தாறு. அங்கேயே நின்றுவிட்டது. திறந்த இடத்தில் காற்று அதைக் குளிரவைத்துவிடுகிறது. காற்றுக்கு யார் பக்கமும் கிடையாது.

மறுநாள் கட்டிலுக்கு அடியில் ஒயரைச் சுற்றிப் பஞ்சு அட்டை வைத்தேன். குளிர் ஏறாமல் இருக்க வண்டிச் சுவரில் வைப்போமே, அது. தச்சர் கட்டில் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"என்ன டேப்பு, ஒயருக்குப் போர்வை போத்துறீங்க? குளிருதுனு சொல்லுச்சா?"

"மலைப் பக்கம் போறாங்க அண்ணே. கீழருந்து குளிர் ஏறும்."

"அக்கா வண்டினா தனி கவனிப்புதான். எனக்கும் ஒரு அக்கா இருந்தா நானும் பஞ்சு வச்சிருப்பேன்."

அவருக்கு ஒன்றும் தெரியாது. அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். பலகையை ஆணியடிக்கும் முன், அவர் இல்லாத நேரத்தில் மறுபடி அளந்தேன். பஞ்சு வைத்தபிறகு இருபதாவது நிமிஷத்தில் எண்பத்தைந்து. முப்பத்தைந்தில் நூற்றுப் பத்து, ரப்பர் மணம் வர ஆரம்பித்தது. நிறுத்திவிட்டேன். புது ஒயர் மாற்றி, அதேபோலப் பஞ்சு வைத்துக் கட்டினேன். இரண்டு நாள் அளவுகளும் என் நோட்டில் தேதி போட்டு இருக்கின்றன. நோட்டைக் கொண்டுவந்திருக்கிறேன்.

அவர் சாகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ளவேண்டும். ஒரு கணக்கு தப்பு என்பது எரிந்து கரியாகி அவர் கண்ணுக்கு முன்னால் கிடக்கவேண்டும், அவ்வளவுதான். ரோடு போட்டவன்மேல் போட முடியாதபடி, அவர் கையெழுத்தோடு. அவர் பகலெல்லாம் அந்தக் கட்டிலிலா படுத்திருக்கப் போகிறார்? மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும்தான். சாப்பிட்டால் நாலு மணிவரை இடி விழுந்தாலும் எழமாட்டார் என்பது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். சமையல் முடிகிற நேரமும் அதுதான். அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். ஒரு கணக்கு போட்டால் இருக்கிற எல்லாவற்றையும் சேர்க்கவேண்டும்.

அக்காவை நான் மறக்கவில்லை. அவள் மதியம் தூங்கவே மாட்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாள் தூங்கிப் பார்த்ததில்லை. வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து எதையாவது தைப்பாள். இருந்தாலும் வண்டியை ஒப்படைக்கிற அன்று அவளிடம் தனியாகச் சொன்னேன்.

"அக்கா, நீ வலது பக்கக் கட்டிலை எடுத்துக்கோ. கதவோரம். காத்து வரும்."

"ஏன்டா, இடது பக்கம் பேய் இருக்கா?"

"அத்தான் குறட்டை விடுவாரு. கதவோரம்னா நீ வெளிய வந்துடலாம்."

"இருபத்திரண்டு வருஷம் கழிச்சு யோசனை சொல்றியே, அப்பவே சொல்லிருக்கக் கூடாதா?" என்று என் தலையில் தட்டினாள். என் வெப்பக் கருவிக்குக் கடுகு நிறத் துணியில் ஒரு உறை தைத்துக் கொண்டுவந்திருந்தாள். திரையில் மீந்த துணி. பொத்தான் வைத்து, கச்சிதமான அளவில்.

அவர்கள் கிளம்பிய நான்காவது நாள் மதியம் போன் வந்தது. மலைமேல் வண்டிகள் நிறுத்துகிற ஒரு மைதானத்தில் இருந்தார்கள். தூறல், குளிர். அக்கா பேசினாள்.

"தம்பி, இந்த இடது கட்டிலுக்கு அடில என்னடா வச்சிருக்கே? சமைச்சு முடிச்சதும் படுத்தா இதமா இருக்கு. தோள்வலிக்கு ஒத்தடம் குடுக்கிற மாதிரி இருக்குடா. நானே இங்க படுத்துக்கிட்டேன்."

பின்னால் அத்தான் குரல் கேட்டது. "ஹீட்டர் வச்சிருக்கான்டி உன் தம்பி. சொல்லாம செஞ்சிருக்கான். மாப்ள, நல்ல யோசனை. நான் சொன்ன ஒயர்ல எல்லாம் ஜோரா ஓடுது."

"அக்கா, நீ வலது பக்கம் மாறிக்கோ. அத்தானை அங்க படுக்கச் சொல்லு" என்றேன்.

"அவருக்கு எதுக்குடா, அவருக்கு உடம்பே அடுப்பு. அவரு இப்பல்லாம் மதியம் தூங்கறதே இல்ல. பக்கத்து வண்டிக்காரங்களோட பேச்சு, பேச்சு, பேச்சு."

"மாறிக்கோக்கா" என்று மறுபடியும் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். அவள் சிரித்தாள். சொன்னால் கேட்காதது அந்த வீட்டுப் பழக்கம். அவளுக்கும் தொற்றிவிட்டது.

மறுநாள் நடந்தது உங்கள் அறிக்கையில் இருக்கிறது. பதினொரு மணியிலிருந்து ஹீட்டர் ஓடியிருக்கிறது. பன்னிரண்டரைக்கு அடுப்பும் வைத்திருக்கிறார்கள். சாப்பிட்டுவிட்டு, ஹீட்டர் ஓடும்போதே அக்கா இடது கட்டிலில் தோளைச் சாய்த்திருக்கிறாள். வாழ்க்கையில் முதல்முறையாக மதியம் தூங்கியிருக்கிறாள். ஒன்று இருபதுக்குப் புகை. வண்டிக்குள் இருக்கிற பஞ்சு, பிளைவுட், திரைத்துணி எல்லாம் சேர்ந்து எரிய மூன்று நிமிஷமே அதிகம்.

அத்தான் வெளியே இருந்தார். பக்கத்து வண்டிக்காரருக்குப் பேட்டரி ஒயர் தேர்ந்தெடுப்பது எப்படி என்று நோட்டைத் திறந்து விளக்கிக்கொண்டிருந்தார். காலையில் நீங்கள் காட்டிய அந்த வண்டிக்காரரின் சாட்சியத்தில் இதைப் படித்தபோது, இரண்டு முறை படித்தேன்.

உள்ளே பாய்ந்திருக்கிறார். கதவோரம் இருக்கிற வலது கட்டிலைத்தான் முதலில் தடவியிருக்கிறார். நான் அவள் அங்கே படுக்கவேண்டும் என்று சொன்னது அவருக்கும் தெரியும். இடது கட்டிலுக்கு வருவதற்குள் அக்கா போய்விட்டாள். அவருக்கு இரண்டு கையும் முழங்கைவரை வெந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கை இரண்டிலும் பெரிய கட்டு. என்னைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தார். கண்ணைத் துடைக்கக் கை இல்லை, நான்தான் துடைத்துவிட்டேன். "மாப்ள, நீ சொன்னது சரி" என்றார். "எழுபது போடுன்னே. நான் கேக்கல. நீ சொன்னது சரிடா."

இருபத்திரண்டு வருஷம். மூன்று சொல் கேட்டேன், ஆறேழு முறை சொன்னார். அந்த நேரத்தில் எனக்கு எப்படி இருந்தது என்று நீங்கள் கேட்டால், உண்மையைத்தான் சொல்லவேண்டும். நன்றாக இருந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். நீங்களும் விபத்து என்று எழுதி முடிக்கிற கட்டத்தில்தான் இருந்தீர்கள். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானாக ஏன் வந்தேன் என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். மனசாட்சி என்று அந்த எழுத்தர் குறித்துக்கொண்டிருக்கிறார். அதை அடித்துவிடச் சொல்லுங்கள்.

நேற்று அத்தானின் வாக்குமூலத்தின் நகல் வீட்டுக்கு வந்தது. அவருக்குக் கை சரியில்லாததால் நான்தான் படித்துக் காட்டினேன். 'பதினாறு ஸ்கொயர் ஒயரை நான் தேர்ந்தெடுத்ததே தீப்பிடிக்கக் காரணம். முழுப் பொறுப்பும் என்னுடையது. எந்தத் தண்டனையையும் ஏற்றுக்கொள்கிறேன்' என்று சொல்லியிருக்கிறார்.

இது தப்பு, மேடம். பதினாறு ஸ்கொயர் ஒயர் நூறு ஆம்பியர் ஃபியூஸோடு இருந்தால் தீப்பிடிக்காது. ஃபியூஸ் போகும். ஒரு வாய்ச்சண்டை வரும். அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஒயரால் தீப்பிடித்தது என்பது விஷயம் தெரியாதவர்கள் சொல்கிற பேச்சு. தீப்பிடித்ததற்குக் காரணம் முந்நூறு ஆம்பியர் ஃபியூஸும், ஒயரைச் சுற்றின பஞ்சும், முப்பத்தைந்து நிமிஷமும். மூன்றும் நான் அளந்து செய்தவை. அவர் செய்தது ஒரு டிக் போட்டது மட்டும்தான். அதற்குப் போய் முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொள்கிறார். மறுபடியும் போகிற வழியை மட்டும் அளந்துவிட்டு விடை எழுதியிருக்கிறார். அதை அப்படியே விட என்னால் முடியவில்லை. நான்தான் செய்தேன். அதைத் திருத்தத்தான் வந்தேன்.

எழுதிவிட்டீர்களா? எங்கே கையெழுத்துப் போடவேண்டும்? நீலப் பேனா போதும்.

என்ன கேட்டீர்கள்? நான்காவது நாள் போனிலா?

ஆமாம். வேறெங்கும் மாறிப் படுக்கவேண்டியதில்லைதான். இன்வெர்ட்டர் சுவிட்சை அணைத்துவிடு, ஒயர் சூடாகிறது, அதுதான் இதமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் போதும். பத்துச் சொல்கூட இல்லை. அக்கா எழுந்து அணைத்திருப்பாள். சுவிட்ச் கட்டிலுக்குப் பக்கத்திலேயே, அவள் கண் உயரத்துக்குக் கீழேதான் வைத்திருந்தேன்.

ஆனால் நான் போட்ட ஒயரில் கோளாறு என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே. போன் ஸ்பீக்கரில் இருந்தது, மேடம். அத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.